முப்பது எக்ஸ்

என் தம்பி பொய் சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை "அக்கா" போடுவான். அது அவனுக்கே தெரியாது. சொன்னால் உஷாராகிவிடுவான் என்று நானும் சொன்னதில்லை. அன்று காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கப்பல் எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் உள்ளே வராதாம். சரக்கை வடக்கே வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம், நாளை இருட்டுவதற்குள் கிளம்பிவிடுமாம், அங்கே போய்த்தான் இவனை இறக்குவார்களாம். சரி, இப்போது சிக்னல் இருக்கிறதே, வீடியோவில் முகத்தைக் காட்டு என்றேன்.

"அக்கா, போன் வுழுந்து கேமரா உடைஞ்சிச்சிக்கா" என்றான்.

இரண்டு அக்கா. மாட்டியிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவன் நிலக்கரிக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை செய்கிறான். போகும்போது அவன் மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். இப்போது எட்டாம் மாதம். திருவொற்றியூரில் என் வீட்டு மாடியில் இருக்கிறாள். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, படுத்தே இருக்க வேண்டும், கவலையே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவலைப்படாதே என்று சொல்வதற்கு அவர் பீஸ் வேறு வாங்கினார். புருஷன் ஒரு மாதமாக முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் வருகிறது. எந்தப் பெண்ணால் கவலைப்படாமல் படுத்திருக்க முடியும் என்று அந்த டாக்டரை ஒரு நாள் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். கரையிலிருந்து கப்பல் தெரியுமா என்று கேட்டாள். எண்ணூர் கரையிலிருந்து தினம்தான் தெரிகிறது, வரிசையாக நிற்கும் என்றேன்.

"அப்போ நீங்க போய்ப் பாருங்க அண்ணி. ஆனா பாத்துட்டு வந்து சொல்லாதீங்க. போட்டோ எடுத்துனு வாங்க."

ஏன், என் வார்த்தையை நம்ப மாட்டாயா என்றேன். நம்புவேன், ஆனால் நீங்கள் எனக்காக மறைப்பீர்கள் என்றாள். மறைக்கத்தான் செய்வேன்.

அப்போதே ஆட்டோ பிடித்து எண்ணூர் கரைக்குப் போனேன். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகள் மேல் ஏறி நின்றேன். பச்சை உடம்பு, நாலு மஞ்சள் கிரேன், பின்னால் வெள்ளைக் கட்டடம் என்று தம்பி அடையாளம் சொல்லியிருந்தான். தெரிந்தது. அரிசி அளவுக்குத் தெரிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போட்டில் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்க் காட்ட முடியுமா என்று கேட்டேன். கப்பல் கிட்டே போனால் போட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அப்புறம் என் பிழைப்பு என்ன ஆவது என்றார். நியாயம்தான்.

போனை எடுத்து முடிந்தமட்டும் பெரிதாக்கிப் படம் பிடித்தேன். படத்தில் கிரேன் ஐந்து இருந்தது. நான்கு கிரேன் உள்ள கப்பலுக்கு ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்த போன் தனக்குத் தெரியாத இடத்தை எல்லாம் தானே வரைந்து நிரப்பிவிடுகிறது. என் தம்பி முழு ஆளாக நிற்கிறானா என்று பார்க்க வந்த இடத்தில், போன் அதன் இஷ்டத்துக்கு ஒரு ஆளை வரைந்து கொடுத்தால் நான் என்ன செய்வது? உண்மையில் இருப்பதை மட்டும் காட்டுகிற ஒன்று எனக்கு வேண்டும். கேமராதான் வாங்க வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

ஆபீசுக்குப் போன் போட்டு இன்றும் வரவில்லை, நாளையும் வரவில்லை என்றேன். மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை எனக்கு. மேனேஜர் ஏதோ முணுமுணுத்தார். கேட்க எனக்கு நேரமில்லை. பஸ் ஏறிப் பர்மா பஜாரில் இறங்கினேன்.

கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு ஒரு பொத்தான் உண்டு என்பதுதான். முதல் கடையில் ரோஸ், வெள்ளி, இளநீலம் என்று சோப்பு டப்பா அளவில் அடுக்கி வைத்திருந்தார்கள். காலேஜ் பெண்கள் இப்போது போனை விட்டுவிட்டு இதைத்தான் வாங்குகிறார்களாம், பழைய காலத்துப் படம் மாதிரி வருமாம். கடைக்காரப் பையன் பொண்ணுக்கா அக்கா என்று கேட்டான். கப்பலில் நிற்கிற ஆளைக் கரையிலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். முதலில் சிரித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அறுபத்து நாலு மெகாபிக்சல், பதினாறு எக்ஸ் என்று அட்டையைத் திருப்பிக் காட்டினான். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். அத்தனை மடங்கு கிட்டே வரும் என்றான்.

எடு, சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். சாலைக்கு எதிரே துறைமுகத்து மதில், அதற்கு மேலே கிரேன்கள். அதில் ஏதாவது எழுத்தைப் படிக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். அவன் பாய்ந்து வந்து லென்சைக் கையால் மூடினான். ஹார்பர் பக்கம் காட்டினால் போலீஸ் வந்து கடையையே மூடிவிடும் என்றான். சரி என்று இந்தப் பக்கம் திரும்பினேன். தெருவின் கோடியில் ஒரு கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. இறந்தவர் படமும் பெரிய எழுத்துத் தலைப்பும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. கீழே தோற்றம், மறைவு என்று தேதி போட்டிருப்பார்களே, அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

பதினாறு எக்சில் போஸ்டர் பெரிதானது. எழுத்து கரைந்து போனது. மை மேல் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு திட்டு. ஒன்றைக் கவனித்தேன், நான் பொத்தானை அழுத்தும்போது லென்ஸ் நகரவே இல்லை. கேட்டேன். இது டிஜிட்டல் ஜூம் அக்கா, இப்படித்தான் இருக்கும் என்றான். அப்படியென்றால் இன்னொரு மாதிரியும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கி, இருக்கிறது, லென்ஸ் வெளியே வரும், அதெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்றில் கண்ணாடியே நீண்டு பொருளைக் கிட்டே கொண்டுவருகிறது. மற்றது, ஜாக்கெட்டுக்குத் துணி பத்தாமல் இருக்கிற துணியை இழுத்துப் பிடித்துத் தைக்கிற கதை. பெட்டியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே எக்ஸ். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதை வைத்து ஊரை ஏமாற்றுகிறீர்களா என்று அங்கேயே நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதன் பிறகு கடை கடையாக ஏறி ஒரே கேள்விதான். லென்ஸ் வெளியே வருமா? சில பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு கடையில் மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும் என்று ஆரம்பித்தார்கள், எனக்கு அதெல்லாம் வேண்டாம், லென்ஸ் வருமா என்றேன். பொழுது போய்க்கொண்டிருந்தது. கடைகளில் விளக்குப் போட்டுவிட்டால் தெருவின் கோடியில் போஸ்டர் தெரியாது, சோதிக்க முடியாது. அந்தப் பயம் வேறு.

கடைசியில் உள்சந்து ஒன்றில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒரு பாய் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று மெலிதாக, பெரிய திரையோடு, பளபளவென்று இருந்தது. பத்து எக்ஸ். இன்னொன்று கறுப்பு, மூலையில் பெயிண்ட் போயிருந்தது, கைக்குக் கனமாக இருந்தது. பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை. முப்பது எக்ஸ். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் மூன்று தட்டாக வெளியே வந்தது. பாய்க்குப் பளபளப்பானதை விற்கத்தான் ஆசை. படம் நன்றாக வரும், கல்யாணம் காட்சிக்கு எடுத்துப் போகலாம், அந்தக் கறுப்புக்குப் பேட்டரி நிற்காது, அப்பால வந்து என்னிடம் சண்டை போடக்கூடாது என்றார். எனக்குக் கல்யாணமும் இல்லை காட்சியும் இல்லை என்று சொல்லி இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அவரும் கூடவே ஓடி வந்தார்.

பத்து எக்சில் இறந்தவருடைய மீசை தெரிந்தது. முப்பது எக்சில் மறைவுத் தேதியைப் படித்தேன். அதற்குக் கீழே கண்ணீருடன் என்று போட்டு மனைவி, அக்கா, தங்கை என்று வரிசையாக இருந்ததையும் படித்தேன். கை ஆடியது, ஆனாலும் எழுத்து நின்றது. ஆட்டத்தை உள்ளேயே ஏதோ பிடித்துக்கொள்கிறது. சாயங்கால வெயிலில் பெரிய திரை வெறும் வெளுப்பாக இருந்தது, ஓட்டையில் கண்ணை வைத்தால் எல்லாம் தெளிவு. வாங்கும்போது முதன்முதலில் பார்த்தது ஒரு செத்தவன் தேதி என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. மனதுக்குள் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு அதையே வாங்கினேன். கூடுதலாக ஒரு பேட்டரி தரச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தது உப்பியிருந்தது. வேண்டாம் என்று திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி கேமராவைக் கையில் வாங்கியவள் விடவே இல்லை. எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அலமாரி மேல் இருந்த மாத்திரை அட்டையைக் கட்டிலிலிருந்தே எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பொத்தானை அழுத்துகிற அழுத்தில்தான் படம் ஆடுகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு விநாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்கிற பொத்தான் ஒன்று இருந்தது, அதையும் அவளே காட்டினாள். புருஷன் முகத்தைப் பார்க்கிற ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் பேசி, காலையில் சீக்கிரம் கப்பலின் பின்பக்கம் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் வந்து நில், அக்கா படம் எடுக்கிறேன் என்றேன். எதற்கக்கா என்றான். உன் பொண்டாட்டிக்கு என்றேன். சரி என்றான்.

விடிந்ததும் பாறை மேல் நின்றேன். கைப்பையைப் பாறையில் வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தி, ஓட்டையில் கண்ணை வைத்தேன். கப்பல் கண் முன்னால் வந்து நின்றது. கிரேனிலிருந்து தொங்கிய கம்பிகூடத் தெரிந்தது. ஆனால் எல்லாம் கறுப்பு. சூரியன் நேர் எதிரே, கப்பலுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. கடலில் சூரியன் உதிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்திருக்கிறேன். வெளிச்சம் காலையில் கடல் பக்கமிருந்து வரும், படம் கறுத்துப் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பின்பக்கக் கம்பியோரம் ஒரு ஆள் வந்து நின்றான். கறுப்பாக, ஒரு குச்சி மாதிரி. நான் போனில் வந்துட்டியா என்றேன். வந்துட்டேன்கா என்றான். கையை ஆட்டு என்றேன். அந்தக் கறுப்பு ஆள் கையைத் தூக்கி ஆட்டினான்.

வலது கையை.

என் தம்பி பீச்சாங்கைக்காரன். எங்கள் பக்கத்தில் இடது கைக்கு அதுதான் பேச்சு. திட்டுவதற்கும் அதுதான், செல்லமாகக் கூப்பிடுவதற்கும் அதுதான். சோற்றுக்கு மட்டும் அடித்து அடித்து வலது கையைப் பழக்கினார்கள். மற்றதெல்லாம், பேனா, ஸ்பேனர், கேரம் ஸ்டிரைக்கர், எவனையாவது அறைவது என்றால் அதுவும், இடது கைதான். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்குக் கையாட்டியபோதும் இடது கையைத்தான் ஆட்டினான், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். இப்போது வலது கை ஆடுகிறது. இடது கை நெஞ்சோடு சேர்ந்து இருக்கிறதா, கம்பியைப் பிடித்திருக்கிறதா என்று எதுவும் தெரியவில்லை.

கப்பல் ஆடுமே, இடது கையால் கம்பியைப் பிடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடுகிற கப்பலில் எவனும் பலமுள்ள கையால்தான் பிடிப்பான். சரியான விளக்கம்தான். சொல்லச் சொல்ல எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. படம் கறுப்பாக வந்துவிட்டது, சாயங்காலம் மறுபடியும் வந்து நில் என்று போனில் சொன்னேன்.

"அக்கா, சாயந்தரம் வேலை கீதுக்கா."

பத்து நிமிஷம் நிற்க முடியாதா, உன் கேப்டனிடம் நான் பேசட்டுமா என்று கத்தினேன். நண்டு பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கிளம்புவதற்கு முன்னால் வருகிறேன் என்றான்.

வீட்டில் கறுப்புப் படங்களைக் காட்டினேன். வெயில் எதிரே அடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சார்ஜ் போடலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து மின்வாரியத்தில் மாதாந்திர வேலை, தெருவுக்கே கரண்ட் இல்லை. பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பகல் முழுக்க கேமராவை நான் தொடவே இல்லை. மாடியில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கீழே நான் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நின்றேன். எனக்குத் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. சின்ன வயதில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா இடத்துக்கும் போவேன். இடது கையைத்தான் நீட்டுவான்.

சாயங்காலம் போனபோது வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. கப்பல் பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சத்தில் நின்றது. எனக்குப் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகை எழும்பி வெயிலை எப்போது மறைக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கேமராவைப் போடவும் அணைக்கவுமாக இருந்தேன். பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் ஆரஞ்சு உடுப்பில் ஒரு ஆள் வந்து நின்றான். முகம் ஒரு புள்ளி. ஆனால் தோளைச் சாய்த்து நிற்கிற நிலையில் தெரிந்துவிட்டது, அவன்தான். அழுத்தினேன். இரண்டு விநாடி மூச்சு விடாமல் இருந்தேன். மறுபடி அழுத்தினேன். வலது கை மேலே போனது. மறுபடி அழுத்தினேன். பேட்டரிக் கோடு சிவப்பாகிச் சிமிட்ட ஆரம்பித்தது.

தோளுக்குப் பின்னால் பைக் சத்தம் கேட்டது. கடலோரப் போலீஸ் இரண்டு பேர். வயதானவர் இறங்கி வந்து கையை நீட்டினார். யார் பர்மிஷன் கொடுத்தது, எத்தனை நாளாக எடுக்கிறாய், துறைமுகத்தை ஏன் எடுக்கிறாய் என்று கேள்வி மேல் கேள்வி. துறைமுகத்தை எடுக்கவில்லை, தம்பியை எடுக்கிறேன் என்றேன். எங்கே தம்பி என்றார். கடலைக் காட்டினேன். சின்னவர் சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போ, இல்லையென்றால் ஸ்டேஷனுக்கு வா என்றார் வயதானவர்.

என் வாய் பொல்லாதது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு என்னால் குரலை உயர்த்த முடியவில்லை. கர்ப்பிணி, பிரஷர், ஒரு மாதமாக முகம் காட்டாதது என்று எல்லாவற்றையும் கோர்வை இல்லாமல் சொன்னேன். அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பாருங்கள் சார் என்றேன். அவர் கேமராவை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டே கொண்டுபோனார். நான் காட்டிக்கொடுத்த பொத்தானை அழுத்திப் பெரிதாக்கினார்.

"கையில இன்னாமா இவ்ளோ பெரிய கட்டு?" என்றார்.

நான் அதுவரை படத்தைப் பார்க்கவில்லை. அவர் திருப்பிக் காட்டினார். ஆரஞ்சு சட்டையின் இடது பக்கம், நெஞ்சுக்குக் கிட்டே, முழங்கையிலிருந்து வெள்ளையாக ஒரு பொதி. ஓட்டையில் பார்த்தபோது ஆளே சின்னதாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, படத்தைப் பெரிதாக்கியபோது தெரிந்தது. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓரத்தில் துறைமுகத்துக் கல் சுவர் தெரிந்த படங்களை மட்டும் அழித்தார். அந்த ஒன்றை விட்டுவிட்டு அணைத்துக் கையில் கொடுத்தார். போம்மா, வூட்டுக்குப் போ என்றார்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். அழுதுகொண்டே கணக்கும் போட்டேன். படம் எதுவும் விழவில்லை, போலீஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நம்பும்படியான பொய்தான், பாதி உண்மையும்கூட. எட்டாம் மாதத்தில் இருக்கிற பெண்ணுக்கு இந்தப் படத்தைக் காட்டி, அவளுக்கு ஒன்று ஆனால் அவன் வந்து என்னைக் கேட்க மாட்டானா? மாடிப்படி ஏறும்போது அந்தப் பொய்யைத்தான் வாயில் வைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கேமராவைக் குடுங்க அண்ணி" என்றாள், ஒன்றும் கேட்காமல். கரண்ட் வந்திருந்தது. பேட்டரியைச் சார்ஜரில் போட்டுக் கொஞ்சம் ஏறட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது. அவனுடையதா, வேறு கப்பலா என்று தெரியவில்லை.

கேமராவைப் போட்டு அவளே படத்தை வரவழைத்தாள். புருஷன் முகத்தை அவள் தேடவில்லை. பெரிதாக்கி, நேராக இடது பக்கம் அந்த வெள்ளைப் பொதிக்குப் போனாள். இன்னும் பெரிதாக்கினாள். வெள்ளை கட்டம் கட்டமாக உடைந்தது. அதற்கு மேல் கேமராவிடம் ஒன்றுமில்லை. அவள் விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, வெரல் எத்தினி கீதுன்னு தெரியுதா உங்களுக்கு?"

எனக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. உனக்குத் தெரியுமா என்றேன். தலையை ஆட்டினாள். ஒரு மாதத்துக்கு முன்னால் மெஷினில் கை மாட்டிக்கொண்டதாம். போகிற வழியில் ஒரு ஊரில் இறக்கித் தைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிவிட்டார்களாம், இந்தியாவில் இறக்குகிறோம் என்று. இவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டானாம். இரண்டு விரல் போய்விட்டது என்று சொன்னானாம். கையைக் காட்டு என்றால் காட்டவே மாட்டேன் என்கிறானாம். உண்மையில் இரண்டுதானா, அதற்கு மேலா என்று ஒரு மாதமாக இவளுக்கு இதே யோசனைதானாம்.

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? அதையும் சொன்னாள். அக்காவுக்குத் தெரிந்தால் நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போய் நிற்கும், ஊரைக் கூட்டும், அப்புறம் எனக்கு எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காது, நான் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் சத்தியம் வாங்கியிருக்கிறான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போயிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், அதில் என்ன தப்பு? இவளுக்குப் பிரஷர் என்று நான் பொத்திப் பொத்தி நடக்க, இவர்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பொத்தி வைத்திருக்கிறார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் இன்னும் அந்தப் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தாள், திரையில் வெள்ளைக் கட்டங்கள் அதற்கு மேல் பெரிதாகவில்லை. திட்டவில்லை.

கப்பல் நகர ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். அப்புறம் எப்போது பேசுவானோ. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவள் விரலை உதட்டில் வைத்துத் தான் இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று காட்டினாள். எடுத்தான். பின்னால் இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தம்.

கட்டைப் பார்த்துவிட்டேன், மழுப்பாதே, எத்தனை விரல் என்று நேராகக் கேட்டேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், போகவில்லை.

"மூணு," என்றான். "அவகிட்ட ரெண்டுன்னு சொல்லி வெச்சிகீறேன். இந்த நெலமைல தாங்க மாட்டா. நான் வர்ற வரைக்கும் சொல்லிடாத."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

சொல்ல மாட்டேன்டா என்றேன். சரி என்று அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.